நான்கு சிவப்புக் கத்திகளில் பெரியப்பாவின் கத்தி எது?

கப்பலிலோ வளைகுடா நாட்டிலோ யாராவது ஒருவர் வேலை பார்த்த வீடு என்றால், பீரோவுக்குள் சில பொருட்கள் கட்டாயம் இருக்கும். காலியான சென்ட் பாட்டில், ஓடாத வாட்ச், வெளிநாட்டுச் சில்லறை போட்ட டப்பா. கூடவே ஒரு சிவப்புக் கத்தி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் கத்தரிக்கோல், டின் ஓப்பனர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கைப்பிடியில் வெள்ளையாக ஒரு சிலுவைக் குறி இருக்கும். ‘சுவிஸ் கத்தி’ என்று சொல்லி வைத்திருப்போம்.

அது உண்மையிலேயே சுவிட்சர்லாந்தில் செய்ததா, எந்த கம்பெனி, எந்த மாடல், எந்தக் காலத்தது என்றெல்லாம் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் குடும்பத்திலும் யாரும் பார்த்ததில்லை. பங்கு பிரிக்கிற பேச்சு வந்த பிறகுதான் பார்க்க வேண்டியதாயிற்று.

‘நீதான பத்திரிகைல இருக்க!’

பெரியப்பா தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். அவர் இறந்து வருஷத் திதி முடிந்த மறுநாள், பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். உள்ளே அவருடைய கண்ணாடி, கப்பல் வேலைக்கான பழைய சான்றிதழ் புத்தகம், மூன்று சிவப்புக் கத்திகள். சமையலறை டிராயரில் கிடந்த இன்னொன்றையும் அக்கா எடுத்துவந்து போட, மொத்தம் நான்கு ஆனது.

அந்த நாலாவது, கத்தி என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. ஒரு பக்கக் கைப்பிடி கழன்று போயிருந்தது. பிளேடின் முனை உடைந்திருந்தது. பல்குச்சி, குட்டி இடுக்கி இரண்டையும் காணோம். கேஸ் ரெகுலேட்டர் வாஷரை நெம்பவும், மாவு டின் மூடியைத் திறக்கவும் அக்கா பல வருடமாக அதைத்தான் வைத்திருந்தார்.

பெரியம்மாவின் கணக்கு தெளிவாக இருந்தது. டின்னுக்குள் தனி அட்டைப்பெட்டியில் பளபளப்பாக இருந்த கத்தியை எடுத்து, “இது பெரியவனுக்கு. 1987-ல ஒங்க பெரியப்பா மொத மொதல்ல கப்பலுக்குப் போயிட்டு வந்தப்ப கொண்டாந்தாவ. அவன் அப்ப கைக்கொழந்த. இந்தக் கத்தரிக்கோல்லதான் அவனுக்கு நகம் வெட்டுவாவ” என்றார்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் கையை நீட்டினார். அக்காதான் கேட்டார். “எல்லாம் ஒரே மாதிரிதானம்மா இருக்கு. இதுதான் அதுன்னு எப்படிச் சொல்லுத?”

கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பாவின் முதல் சம்பாத்தியத்தில் வந்த பொருள் மூத்த மகனுக்குப் போவதில் அக்காவுக்கு ஏதோ வருத்தம் இருந்தது. அது கத்தியைப் பற்றிய வருத்தம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். கடைசி ஆறு வருடம் பெரியப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது அக்கா.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீதான பத்திரிகைல இருக்க. விசாரிச்சுச் சொல்லு.”

டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் தங்கம் விலையும் வைரல் வீடியோவும் எழுதும் எனக்கு, வீட்டிலேயே ஒரு அசைன்மென்ட் கிடைத்தது. நான்கையும் சென்னைக்கு எடுத்துவந்தேன். இப்படிப்பட்ட கத்திகளைப் பல வருடமாகச் சேர்க்கும் ஒருவரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு ஸ்கூல் ஸ்கேலையும் ஒரு லென்ஸையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராணுவத்தின் கத்தி சிவப்பு இல்லை!

முதலில் கொஞ்சம் வரலாறு. சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்ற ஊரில் 1884-ல் கார்ல் எல்ஸ்னர் என்பவர் கத்திப் பட்டறை தொடங்கினார். சுவிஸ் ராணுவம் தன் வீரர்களுக்கான கத்தியை முதலில் ஜெர்மனியிலிருந்து வாங்கியது. அதை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று முனைந்து, 1891-ல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார் எல்ஸ்னர்.

வீரர்களின் கத்தி கனமாக இருந்ததால், அதிகாரிகளுக்கென்று இலகுவான இன்னொன்றைச் செய்து 1897-ல் பதிவு செய்தார். கூடுதலாக ஒரு சின்ன பிளேடும், ஒயின் பாட்டிலின் கார்க்கைத் திருகி எடுக்கும் திருகியும் அதில் இருந்தன. நம் வீட்டுச் சிவப்புக் கத்திகள் எல்லாம் இந்த அதிகாரிகள் கத்தியின் வாரிசுகள். ராணுவம் அதைக் கொடுக்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். 1961 முதல் வீரர்களுக்குக் கொடுத்தது வெள்ளி நிற அலுமினியக் கைப்பிடி போட்ட கத்தி. 2008-ல் வந்த புதிய கத்தி பச்சையும் கறுப்புமானது.

1909-ல் எல்ஸ்னரின் அம்மா விக்டோரியா இறந்துபோக, அம்மாவின் பெயரையே தன் பொருளுக்கு வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்தது. அதற்கு ‘இனாக்ஸ்’ என்று பெயர். அம்மா பெயரும் எஃகின் பெயரும் சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது. இதைக் கேட்டபோது, பீரோவில் கிடந்த கத்தியில் ஓர் அம்மாவின் பெயர் இருந்திருக்கிறதே என்று தோன்றியது.

முதல் கத்தி: சிலுவையைச் சுற்றி என்ன வடிவம்?

சுவிஸ் கத்தியை விக்டோரினாக்ஸ் மட்டும் செய்யவில்லை. டெலமோன் என்ற ஊரில் வெங்கர் என்று இன்னொரு கம்பெனியும் இருந்தது. ஒன்று ஜெர்மன் பேசும் பகுதி, மற்றது பிரெஞ்சு பேசும் பகுதி. யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று 1908 முதல் ராணுவம் இரண்டு பேரிடமும் கத்தி வாங்கியது. ஒருவர் தன்னை ‘ஒரிஜினல்’ என்று விளம்பரம் செய்ய, இன்னொருவர் ‘ஜெனுயின்’ என்று போட்டுக்கொண்டார். ஏறக்குறைய நூறு வருடம் இப்படியே ஓடியது. 2005-ல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கியது. 2013-ல் வெங்கர் பெயரில் கத்தி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதன் பிறகும் அந்தப் பெயரில் வாட்ச்சும் பையும் வந்தன.

இரண்டையும் பிரிப்பது சுலபம். சிலுவையைச் சுற்றியிருக்கும் கோட்டைப் பாருங்கள். கேடயம் போல, கீழே குறுகி முனையாக முடிந்தால் விக்டோரினாக்ஸ். மூலைகள் மழுங்கிய சதுரமாக இருந்தால் வெங்கர். அடுத்து ஸ்கேலை வையுங்கள். மடக்கிய நிலையில் விக்டோரினாக்ஸின் வழக்கமான அளவு 91 மில்லிமீட்டர். அதே ரக வெங்கர் 85 மில்லிமீட்டர். கத்தரிக்கோலிலும் வித்தியாசம் உண்டு. வெங்கரின் வெட்டும் விளிம்பில் பொடிப் பொடியாகப் பல் இருக்கும்.

எங்கள் நான்கில் ஒன்றில் மழுங்கிய சதுரம் இருந்தது. ஸ்கேல் எட்டரை சென்டிமீட்டர் காட்டியது. ஆகவே வெங்கர். கைப்பிடியில் பெரியப்பா வேலை பார்த்த கம்பெனியின் பெயரும் 1998 என்ற வருடமும் பொறித்திருந்தன. அந்த வருடம் ஊழியர்களுக்குக் கொடுத்த பரிசாக இருக்கும். எப்படியும் 1987 கிடையாது.

இரண்டாவது கத்தி: பெயரே இல்லை

பெரிய பிளேடை விரித்தால், கைப்பிடியோடு சேரும் இடத்தில் பொடி எழுத்துகள் இருக்கும். கத்தியின் பிறப்புச் சான்றிதழ் அதுதான். விக்டோரினாக்ஸ் என்றால் பெயரும் நாடும் அங்கே இருக்கும். பழையவற்றில் பிளேடின் மறுபக்கத்தில் பிரெஞ்சில் ‘ஆஃபிசியே சுவிஸ்’ என்றும் இருக்கும். சுவிஸ் அதிகாரி என்று பொருள்.

எங்கள் இரண்டாவது கத்தியில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒரு வார்த்தை மட்டும். சிலுவை உலோகமாகப் பதித்தது அல்ல, பெயின்ட். நகத்தால் சுரண்டினால் வந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. ஒரிஜினலில் ஒவ்வொரு கருவியும் ‘டக்’கென்று மடங்கி உட்காரும். இதில் எல்லாம் தொளதொளவென்று ஆடின. சந்தேகமே இல்லாத டூப்ளிகேட்.

ஐரோப்பாவையும் சிங்கப்பூரையும் சுற்றிவந்த ஃபிட்டர், இரும்பைத் தொட்டே தரம் சொல்லக்கூடியவர், இதை ஏன் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார்? அதற்குப் பதில் ஊரில் கிடைத்தது. கடைசியில் சொல்கிறேன்.

ஒரே மாதிரி இருக்கும் எட்டு மாடல்கள்

மிச்சம் இரண்டு. அட்டைப்பெட்டியில் இருந்த பளபளப்பானதும், சமையலறையில் கிடந்த உடைந்ததும். இரண்டிலுமே பிளேடில் விக்டோரினாக்ஸ் பெயர் இருந்தது. இரண்டிலுமே மறுபக்கத்தில் ‘ஆஃபிசியே சுவிஸ்’. எழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இங்கேதான் மாடல் பார்க்க வேண்டும். 91 மில்லிமீட்டர் கத்திகளில் அதிகமாகக் கண்ணில் படும் எட்டு மாடல்கள் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான். மூன்று கேள்விகள் கேட்டால் பிரிந்துவிடும். முதுகுப் பக்கம் இருப்பது கார்க் திருகியா, ஸ்டார் ஸ்க்ரூடிரைவரா? கத்தரிக்கோல் இருக்கிறதா? மர ரம்பம் இருக்கிறதா?

* கார்க் திருகி மட்டும் என்றால் ஸ்பார்ட்டன். ஸ்டார் மட்டும் என்றால் டிங்கர்.
* கத்தரிக்கோலும் சேர்ந்தால், கார்க் திருகி உள்ளது கிளைம்பர். ஸ்டார் உள்ளது சூப்பர் டிங்கர்.
* கத்தரிக்கோலுக்குப் பதில் ரம்பம் என்றால், கார்க் திருகி உள்ளது கேம்பர். ஸ்டார் உள்ளது ஹைக்கர்.
* ரம்பம், கத்தரிக்கோல் இரண்டும் இருந்தால், கார்க் திருகி உள்ளது ஹன்ட்ஸ்மேன். ஸ்டார் உள்ளது ஃபீல்டுமாஸ்டர்.

கருவிகளை விரிக்காமலே ஓரளவு யூகிக்கலாம். மேலிருந்து பார்த்து அடுக்குகளை எண்ணுங்கள். ஸ்பார்ட்டன் இரண்டு அடுக்கு, கிளைம்பர் மூன்று, ஹன்ட்ஸ்மேன் நான்கு.

எங்கள் இரண்டிலும் மூன்று அடுக்கு. இரண்டிலும் கத்தரிக்கோல், கார்க் திருகி. ரம்பம் இல்லை. இரண்டுமே கிளைம்பர்! ஒருவர் எதற்காக ஒரே மாடலை இரண்டு தடவை வாங்கினார்?

ஒரு சின்னக் கொக்கி

சேகரிப்பாளர் இரண்டு கத்திகளையும் முதுகு தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பளபளப்பானதில் கார்க் திருகியோடு, வளைந்த ஒரு சின்னக் கொக்கியும் மடங்கியிருந்தது. கயிறு கட்டிய பார்சலைக் கை வலிக்காமல் தூக்குவதற்கான கொக்கி அது. உடைந்த கத்தியில் அது இல்லை.

“இந்தக் கொக்கி வந்தது 1991-ல. அதுக்கப்புறம் கிளைம்பர்ல வழக்கமா இருக்கும். அதுக்கு முன்னாடி கிடையாது” என்றார்.

உடைந்த கத்தியில்தான் பாதி கருவி போய்விட்டதே, கொக்கியும் கழன்று விழுந்திருக்கலாம் அல்லவா? கேட்டேன். லென்ஸை என் கையில் கொடுத்தார். கொக்கி இருந்து போயிருந்தால் அது உட்கார்ந்த இடம் குழியாகத் தெரியும். இதில் முதுகுத் தகடு இடைவெளி இல்லாமல் ஓடியது. அங்கே எப்போதுமே கொக்கி இருந்ததில்லை.

அப்படியானால் பெரியம்மா சொன்ன அட்டைப்பெட்டிக் கத்தி 1987-ல் வந்திருக்க முடியாது. அப்போது அந்தக் கொக்கியே உலகத்தில் இல்லை. அண்ணனுக்கு நகம் வெட்டிய கத்தரிக்கோல், அக்கா வாஷர் நெம்பிக்கொண்டிருந்த அந்தக் கத்தியில்தான் இருந்திருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடைந்த கத்தி 1987-ல் வந்தது என்று கொக்கி சொல்லவில்லை. 1991-க்கு முந்தைய அமைப்பு என்று மட்டும்தான் சொல்கிறது. அது 1985-ல் செய்ததாகவும் இருக்கலாம், 1987-ல் செய்ததாகவும் இருக்கலாம். வாங்கி வந்த வருடத்தைச் சொல்வது பெரியம்மாவின் ஞாபகம். நான்கில் அந்த ஞாபகத்தோடு ஒத்துப்போகும் கத்தி அது ஒன்றுதான்.

விலை பற்றியும் கேட்டேன். “பழசு என்பதற்காக இந்த மாடலுக்கெல்லாம் பெரிய விலை கிடைக்காது. விக்கிறதா இருந்தா புதுசுதான் நல்லா போகும்” என்று சிரித்தார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டில் பேச வேண்டிய விஷயத்தில் பணம் வராது.

சொல்லலாமா, வேண்டாமா?

ஊருக்குப் போகும் ரயிலில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பல வருடமாக ஒரு பொருளை இன்னொன்று என்று நம்பி, துடைத்து, பெட்டிக்குள் வைத்திருக்கிறார் பெரியம்மா. ‘ஆமா பெரியம்மா, நீங்க சொன்னதுதான் சரி’ என்று சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், உடைந்த கத்தி ஒருநாள் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். விசாரித்துச் சொல்லச் சொன்னவரிடம் விசாரித்ததைச் சொல்லாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை.

நான்கையும் கூடத்தில் வரிசையாக வைத்து, கொக்கியைக் காட்டிச் சொன்னேன். பெரியம்மா உடைந்த கத்தியைக் கையில் எடுத்தார். கத்தரிக்கோலை நகத்தால் இழுக்க, அது கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல போயா நான் தேங்கா ஓட்ட நெம்புனேன்” என்றார். பிறகு, “மொனை ஒடஞ்சது எனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவேன்னு, அதே மாதிரி இன்னொண்ண வாங்கிட்டு வந்து வச்சிட்டாவ போல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா?”

அப்படித்தான் நடந்ததா என்று கத்தி சொல்லாது. ஆனால் பெரியப்பாவை அறிந்த யாருக்கும் அது நடந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

அண்ணன் இப்போது உடைந்ததைக் கேட்டார். தன் நகத்தை வெட்டியது அதுதானே என்றார். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் முகம் இறுகிப்போனது. தினமும் அதைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தது அவர்தான். குப்பை என்று எல்லோரும் விட்டிருந்தபோது கேட்க ஆள் இல்லை, மதிப்பு வந்ததும் கேட்க ஆள் வருகிறது.

பெரியம்மா சட்டென்று முடித்துவைத்தார். “இது எங்க கெடந்துச்சோ அங்கயே கெடக்கட்டும். நான் இருக்க வரைக்கும் சமையக்கட்டுலதான். அதுக்குப் பொறவு இவளுக்கு.” பளபளப்பானதை அண்ணனிடம் கொடுத்தார். “இதுவும் ஒங்கப்பா கத்திதான். நீ கண்ணால பாத்தது இதத்தான்.” அதுவும் உண்மைதான். அண்ணனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பெரியப்பா மாங்காய் நறுக்கியதும் பட்ட நூல் அறுத்ததும் கொக்கி வைத்த கத்தியில்தான். வெங்கர் அக்காவுக்கு வந்தது.

டூப்ளிகேட்டை ஓரமாகத் தள்ளப் போனேன். அண்ணன் தடுத்தார். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஏழாம் வகுப்பு படித்தபோது, பனிமய மாதா கோயில் திருவிழாவில் ஒரு தெருவோரக் கடையில், சேர்த்துவைத்த காசில் அப்பாவுக்கென்று வாங்கியதாம். ‘நல்ல கத்திடே’ என்று பெரியப்பா வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். அதை அவர் வைத்திருப்பார் என்று அண்ணன் நினைத்திருக்கவே இல்லை. பெங்களூருக்குப் போகும்போது அண்ணன் அந்தப் போலியையும் கேட்டு எடுத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுக் கத்திக்கு…

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், இப்படிப் பார்க்கலாம். சிலுவையைச் சுற்றிய வடிவம், ஸ்கேல் அளவு, பிளேடின் அடியில் உள்ள எழுத்து, அடுக்குகளின் எண்ணிக்கை, கடைசியாக முதுகில் கொக்கி. கத்தரிக்கோல் உள்ள 91 மில்லிமீட்டர் மாடலில் கொக்கி இருந்தால் 1991-க்கு முந்தையது அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். எண்ணெய் போட்டு ஒவ்வொன்றாகத் திறங்கள். இறுகிப்போனதைப் பல்லால் இழுக்க வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் செய்யும் பெட்டியில் வையுங்கள். பரிசோதனையில் பறிபோன பழைய கத்திகள் ஏராளம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கத்தியைக் கொண்டுவந்தவரோ, கொண்டுவந்ததைப் பார்த்தவரோ வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எந்த வருடம், எந்த ஊர், யாருக்காக என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். கம்பெனி பெயர் பிளேடிலேயே இருக்கிறது. மற்றதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.